வம்சச் சுமையும் வாழ்க்கைத் துணையும்

1917-ஆம் வருஷத்துப் புரட்சியும், அதன் பின் மூன்று வருஷங்களுக்கு மேல் ருஷ்ய மண்ணைச் சுட்டெரித்த உள்நாட்டுப் போரும் பிறந்த தேசத்தை விட்டுப் பெயர்த்தெறிந்த ஜனங்களின் தொகை 10 லட்சத்துக்குக் குறையாது. கருங்கடல் துறைமுகங்களில் அகப்பட்ட கப்பலில் ஏறித் தப்பியவர்கள், பின்லாந்து வளைகுடாவின் உறைபனிமீது இரவோடு இரவாக நடந்தவர்கள், சைபீரியாவைக் குறுக்காகக் கடந்து மஞ்சூரியாவின் ஹார்பின் நகரம்வரை போய்ச் சேர்ந்தவர்கள் என்று இவர்களில் பல திறத்தாரும் உண்டு. வக்கீல்கள், சேனாதிபதிகள், பேராசிரியர்கள், கோஸாக் குதிரைவீரர்கள், நாடகக்காரர்கள், பாதிரிமார்கள் யாவரும் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆயினர். 1921 டிசம்பரில் சோவியத் அரசாங்கம் இவர்களுடைய பிரஜா உரிமையைச் சட்டம் இயற்றியே பறித்துவிட்டது. மறு வருஷம், துருவப் பிரதேசங்களை ஆராய்ந்த நார்வே தேசத்து நான்ஸென், சர்வதேச சங்கத்தின் சார்பில் இந்த நாடற்றவர்களுக்கென ஓர் அடையாளச் சீட்டை ஏற்படுத்தினார். பெயரும் பிறந்த ஊரும் அதில் இருந்தன. பாட்டனார் யார், தகப்பனார் என்ன செய்தார், அந்தக் குடும்பம் எதற்காக நின்றது, எதற்காக வெட்கப்பட்டது என்பவற்றுக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. ஆனால் எல்லையைத் தாண்டி வந்தவற்றுள் மிகக் கனமானது அந்த வம்சச் சுமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஜனசமுத்திரத்தில் எழுத்தாளர்கள் பலர் இருந்தனர். முதலில் பெர்லின் நகரம் அவர்களுக்குப் புகலிடமாயிற்று; காகித விலையும் அச்சுக்கூலியும் மலிவாக இருந்த அந்தச் சில வருஷங்களில் அங்கே ருஷ்யப் பிரசுராலயங்கள் டஜன் கணக்கில் தோன்றின. ஜெர்மானிய நாணயம் நிலைபெற்று வாழ்க்கைச் செலவு உயர்ந்ததும் அவர்கள் பாரிஸுக்குப் பெயர்ந்தார்கள். 1920 முதல் 1940 வரை பாரிஸிலிருந்து வெளிவந்த ‘ஸவ்ரெமென்னியே ஸாபிஸ்கி’ என்னும் சஞ்சிகை 70 இதழ்களோடு நின்றுபோயிற்று. இருபதாம் நூற்றாண்டு ருஷ்ய இலக்கியத்தின் ஒரு பெரும் பகுதி அந்த 70 இதழ்களுக்குள் இருக்கிறது. மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்து சேர்ந்த தமிழ்ப் பதிப்புகளின் மூலமாகவே ருஷ்ய சாகித்தியத்தை அறிந்துகொண்ட நமக்கு, டால்ஸ்டாயும் கார்க்கியும் உறவினரைப் போல நெருங்கியிருக்க, இந்த நாடு கடந்தோரில் பலர் வெகு காலம் பெயரளவில்கூடத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அவர்களுடைய நூல்கள் சொந்த தேசத்திலேயே அச்சேற அநுமதி பெறாமல் இருந்ததுதான்.

அவர்களில் விளாதிமிர் நபக்கோவின் கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வம்ச சரித்திரம் ஒருவனைத் துரத்தவும் செய்யும், தக்க சமயத்தில் தூக்கி விடவும் செய்யும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நபக்கோவின் பாட்டனார் இரண்டு ஜார் மன்னர்களிடம் நீதி மந்திரியாக இருந்தவர். தகப்பனாரின் பெயரும் விளாதிமிர் நபக்கோவ்தான். அவர் பீட்டர்ஸ்பர்க்கில் பெரிய சட்ட நிபுணர். பரம்பரைச் செல்வமும் அரசவைப் பட்டமும் உடையவர். அந்தப் பட்டத்தை அணிந்துகொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1903-இல் கிஷினேவ் நகரத்தில் யூதர்கள்மீது கட்டவிழ்த்து விடப்பட்ட கலகத்தில் 40-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, அந்த ரத்தப் பழியில் போலீஸுக்கும் அரசாங்கத்துக்கும் இருந்த பங்கைக் கண்டித்து ஒரு சட்டப் பத்திரிகையில் தம் பெயரைப் போட்டே எழுதினார். அதன்பின் அரசவைப் பட்டம் பறிபோயிற்று. அவரோ, இனித் தமக்கு உபயோகமில்லாத அந்த அரசவை உடுப்பை விற்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார் என்று மகன் பிற்காலத்தில் பெருமையுடன் எழுதியிருக்கிறார். 1906-இல் கூடிய முதல் டூமா சபையில் அங்கத்தினராகி மரண தண்டனையை ஒழிக்க வாதாடினார். அந்தச் சபையை ஜார் கலைத்ததை எதிர்த்துக் கையெழுத்திட்டதற்காக 1908-இல் மூன்று மாதம் சிறையில் இருந்தார்.

புரட்சிக்குப் பின் குடும்பம் கிரிமியாவுக்கு ஒதுங்கி, 1919 ஏப்ரலில் ஸெவாஸ்தபோல் துறைமுகத்திலிருந்து, உலர்ந்த பழங்களை ஏற்றிவந்த ஒரு சிறு கிரேக்கக் கப்பலில் தப்பியது. கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, கப்பல் வளைகுடாவை விட்டு வெளியேற முயன்றபோது, மேல்தட்டில் தகப்பனாரும் மகனும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன் தாய்மாமன் ஒருவர் இறந்ததால் ஒரு மாளிகைக்கும் பெருஞ்செல்வத்துக்கும் உரியவராகியிருந்த அந்த இளைஞர், தாயாரின் நகைகளை விற்ற பணத்தில் கேம்ப்ரிட்ஜில் படிக்கலானார். தகப்பனார் பெர்லினில் சிநேகிதர்களோடு சேர்ந்து ‘ரூல்’ என்னும் ருஷ்யத் தினசரியைத் தொடங்கினார். ஒரே பெயருடைய தகப்பனும் மகனும் ஒரே பத்திரிகையில் எழுதினால் வாசகர் குழம்புவார்கள் என்று மகன் ‘ஸீரின்’ என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார்.

1922 மார்ச் 28-ஆம் தேதி இரவு, விடுமுறைக்கு வந்திருந்த மகன் வீட்டில் தாயாருக்குக் கவிதை படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பெர்லின் பில்ஹார்மோனிக் மண்டபத்தில், தகப்பனாரின் பழைய கட்சித் தோழரும் அரசியலில் அவரோடு கருத்து மாறுபட்டிருந்தவருமான மில்யுகோவ் பிரசங்கம் செய்து முடித்த தருணத்தில், முடியாட்சி வெறி கொண்ட இரண்டு ருஷ்யர்கள் துப்பாக்கியால் சுட ஆரம்பித்தார்கள். அவர்கள் குறி வைத்தது மில்யுகோவை. நபக்கோவின் தகப்பனார் பாய்ந்து சென்று ஒருவனைப் பிடித்து வீழ்த்தி அழுத்திக்கொண்டார்; மற்றவன் பின்னாலிருந்து அவரைச் சுட்டுவிட்டான். மில்யுகோவ் பிழைத்தார். ஐம்பத்தோரு வயதில், கருத்து வேற்றுமை கொண்ட ஒரு மனிதருக்காக அவர் உயிரைக் கொடுத்தார். மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருடைய புஸ்தகங்களில் தவறான ஆளைத் தாக்கும் குண்டும், அகாலத்தில் காணாமற்போகும் தகப்பனும் மறுபடி மறுபடி வருவதைக் கவனித்த வாசகர்கள், அந்த இரவை அறிந்தபின் அவற்றை வேறு விதமாகப் படிக்காமல் இருக்க முடியாது.

அந்த வருஷமே ஒரு பெண்ணுக்கும் அவருக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. நிரந்தர உத்தியோகம் இல்லாதவனுக்குப் பெண் கொடுப்பதெப்படி என்று, 1923 தொடக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் அதை முறித்துவிட்டார்கள். மே மாதம் 8-ஆம் தேதி, பெர்லினில் ருஷ்யர்கள் தர்ம நிதிக்காக நடத்திய நடன விழாவில், கறுப்பு முகமூடி அணிந்த ஒரு பெண் அவரைச் சந்தித்தாள். அவளுக்கு ஸீரின் கவிதைகள் மனப்பாடம். சில வாரங்கள் கழித்துத் தென் பிரான்ஸில் ஒரு பண்ணையில் கூலி வேலைக்குப் போயிருந்த நபக்கோவ், அந்தச் சந்திப்பைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அது ‘ரூல்’ பத்திரிகையில் வெளிவந்தது. கொலையுண்ட தகப்பனார் தொடங்கிய தினசரிதான், முகம் காட்டாத அந்தப் பெண்ணிடம் மகனுடைய காதலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவள் பெயர் வேரா ஸ்லோனிம். பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த யூதப் பெண். அவளுடைய தகப்பனார் சட்டம் படித்தவர். யூதர்களை வக்கீல் தொழிலில் முன்னேறவிடாத ஜார் காலத்து விதிகளால் மரவியாபாரத்துக்குப் போனவர். இந்த விவாகத்தின் தன்மையை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. யூதர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைத் துணிந்து எழுதிய ஒரு சட்ட நிபுணரின் மகனும், அதே அநியாயத்தால் சட்டத் தொழிலை இழந்த ஒருவரின் மகளும், சொந்த ஊரில் சந்திக்காமல், இருவருக்கும் அந்நியமான ஒரு நகரத்தில் சந்தித்து, 1925 ஏப்ரல் 15-ஆம் தேதி பெர்லினிலேயே மணந்துகொண்டார்கள். காதலர்கள் இருவர்தாம் கைகோத்தார்கள் என்று வெளிப்பார்வைக்குத் தோன்றும். உள்ளே பார்த்தால், ருஷ்ய தேசத்தின் தீராத ஒரு வழக்கில் ஒரே பக்கத்தில் நின்ற இரண்டு குடும்பங்கள் அங்கே கைகோத்தன.

கணவர் ஆங்கிலமும் டென்னிஸும் கற்பித்துச் சம்பாதித்தார். மனைவி சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் செய்தாள். அவர்கள் வாழ்ந்த வாடகை அறைகளில்தான் பெரும்பகுதியும் உருவான ‘கொடை’ என்னும் நாவல் இந்த இரண்டு இழைகளையும் சேர்த்து முறுக்கியது: மத்திய ஆசியாவுக்கு ஆராய்ச்சிப் பிரயாணம் போய்த் திரும்பாத தகப்பனாரைப் பற்றி எழுத முயலும் ஒரு கவிஞன், தன் கவிதைகளை முன்பே படித்து அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஒரு பெண்ணை அடைகிறான். தகப்பனைத் தேடிப் போகிறவன் வழியில் மனைவியைக் கண்டடைகிறான் என்பதே அதன் உட்பொருள் என்று நான் படித்தேன்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் பூர்வீகம் மறுபடி கதவைத் தட்டிற்று. தகப்பனாரைக் கொன்ற இருவரும் ஐந்து வருஷங்களிலேயே சிறையிலிருந்து விடுதலை பெற்றிருந்தார்கள். 1936-இல் பெர்லினில் உள்ள ருஷ்யர்களைக் கண்காணிக்க நாஜி அரசாங்கம் ஏற்படுத்திய காரியாலயத்தில் அவர்களில் ஒருவனுக்கு உயர்ந்த பதவி கிடைத்தது. யூத மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் உடைய ஒருவர், தம் தகப்பனைக் கொன்றவன் பதிவேடு வைத்திருக்கும் ஊரில் இருக்க முடியுமா? 1937 ஜனவரியில் நபக்கோவ் முன்னதாகப் பிரான்ஸுக்குப் புறப்பட்டார். மனைவியும் மகனும் சில மாதம் கழித்து வந்து சேர்வதற்குள், பாரிஸில் வேறொரு ருஷ்யப் பெண்ணிடம் அவர் மனம் சென்றுவிட்டது. அந்தக் கோடைகாலம் தாம்பத்யம் முறிந்துவிடும் நிலைக்கு வந்தது. உண்மையை மனைவியிடம் சொல்லிவிட்டு, அவர் மனைவியோடு தங்கினார். பெரிய எழுத்தாளர் என்பதற்காக இந்தத் துரோகத்தைப் பூசி மெழுகுவது சரியல்ல. கொலைகாரர்களின் நகரத்தில் குழந்தையோடு தனியே இருந்த மாதங்களில் வேராவுக்குக் கணவர் அனுப்பிய அன்பு ததும்பும் கடிதங்கள் இன்று அச்சில் கிடைக்கின்றன. அவற்றை வாசிக்கையில், அதே வேளையில் மறைந்து நடந்ததும் உடன் நினைவுக்கு வந்து நெஞ்சை அறுக்கிறது.

1940 வசந்தத்தில் ஜெர்மானியப் படைகள் பிரான்ஸுக்குள் புகுந்தன. அமெரிக்காவுக்குக் கப்பல் கட்டணம் கட்ட நபக்கோவிடம் பணமில்லை. அப்போது, யூத அகதிகளுக்கு உதவி செய்யும் நியூயார்க் ஸ்தாபனம் ஒன்றின் தலைவராக இருந்தவர், கொலையுண்ட தகப்பனாரின் பழைய சிநேகிதர். யூதர்களுக்காகக் குரல் கொடுத்த அந்த மனிதரின் மகனுக்கு உதவுவது தங்கள் கடன் என்று கருதி, பாதிக் கட்டணத்தில் கப்பலில் இடம் வாங்கிக் கொடுத்தார். மீதியை நண்பர்கள் திரட்டினார்கள். மே மாதம் கணவரும் மனைவியும் ஆறு வயது மகனும் ‘ஷாம்ப்ளேன்’ என்ற கப்பலில் ஸான் நஸேர் துறைமுகத்தை விட்டார்கள். ஜூன் 14-ஆம் தேதி பாரிஸ் வீழ்ந்தது. அதே மாதம் அந்தக் கப்பலும் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. 1903-இல் ஒருவர் தம் பட்டத்தைப் பணயம் வைத்து எழுதிய கட்டுரை, முப்பத்தேழு வருஷம் கழித்து, அவர் கண்ணால் காணாத மருமகளையும் பேரனையும் மரணத்தின் வாயிலிருந்து மீட்டது.

எல்லோரையும் அது மீட்கவில்லை. நபக்கோவின் தாயார் செக் அரசாங்கம் அளித்த சிறு உபகாரத் தொகையில் பிராக் நகரத்தில் காலந்தள்ளி, 1939 மே மாதம் இறந்தார். மகனால் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. அந்த அம்மாள் கணவருடைய விவாக மோதிரத்தையும் தம் விரலிலேயே அணிந்திருந்தார்; அது பெரிதாக இருந்ததால் கறுப்பு நூலால் தம் மோதிரத்தோடு கட்டி வைத்திருந்தார். தம்பி ஸெர்கேய் 1945 ஜனவரியில் நாய்யன்காம் சித்திரவதை முகாமில் மாண்டார். தகப்பனாரைப் பற்றி அவ்வளவு எழுதிய நபக்கோவுக்குத் தம்பியைப் பற்றி எழுத மட்டும் வெகு காலம் கை வரவில்லை; சுயசரிதையின் 1966-ஆம் வருஷத் திருத்திய பதிப்பில்தான், இதைச் சொல்வது தமக்கு மிகக் கடினமென்று ஒப்புக்கொண்டு, சில பக்கங்கள் எழுதினார். புகழுக்குரிய முன்னோரைச் சுமப்பது எளிது. நாம் போதிய அன்பு காட்டாமல் விட்ட உடன்பிறப்பைச் சுமப்பதுதான் அரிது.

இன்னொருவர் விளாதிஸ்லாவ் ஹதஸேவிச். நபக்கோவே தம் காலத்து ருஷ்யக் கவிஞர்களில் தலையானவர் என்று போற்றிய இவருடைய பெயர், நம்மிடையே கேள்விப்படுவதற்கே அரிது. இவர் தகப்பனார் போலிஷ் வம்சத்தவர், படம் பிடிக்கும் தொழில் செய்தவர். தாயார் யூத குலத்தில் பிறந்து கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்தத் தாயைப் பெற்றவர் யாக்கோவ் பிராப்மன். மதம் மாறிய யூதரான அவர் 1869-இல் வெளியிட்ட ‘கஹால் புஸ்தகம்’, யூத சமூகத்தினர் அரசுக்குள் ஒரு ரகசிய அரசு நடத்துகிறார்கள் என்று குற்றஞ்சாட்டி, யூத துவேஷிகளுக்குப் பல தலைமுறைகளுக்கு ஆயுதமாகப் பயன்பட்டது. கிஷினேவ் கலகம் போன்ற கொடுமைகளுக்கு மனங்களைப் பக்குவப்படுத்திய நூல்களில் அதுவும் ஒன்று. நபக்கோவுக்குக் கிடைத்த பூர்வீகம் எத்தகையது, ஹதஸேவிச்சுக்குக் கிடைத்தது எத்தகையது!

பாட்டனாரின் பாவத்துக்குப் பேரன் பிராயச்சித்தம் செய்ய வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஆயினும் 1918-இல் மாஸ்கோவில் வெளிவந்த, ஹீப்ரு பாஷைக் கவிஞர்களின் படைப்புகளை ருஷ்யத்தில் பெயர்த்தளித்த தொகுதியைச் சேர்ந்து பதிப்பித்தவர் ஹதஸேவிச். 1922-இல் பெர்லினில் தம் மொழிபெயர்ப்புகளைத் தனி நூலாகவும் கொண்டுவந்தார். அதே 1922-இல், இருபது வயதே கடந்திருந்த நீனா பெர்பெரோவா என்னும் எழுத்தாளரோடு அவர் ருஷ்யாவை விட்டு வெளியேறியிருந்தார். பத்து வருஷம் வறுமையிலும் அவருடைய தீராத நோயிலும் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள்; தையல் வேலையும் மணி கோப்பதும்கூட நீனாவின் ஜீவனோபாயமாக இருந்தன. 1932-இல் நீனா பிரிந்துபோனார்; ஆனால் சிநேகம் பிரியவில்லை, 1939 ஜூனில் ஹதஸேவிச் மரணப்படுக்கையில் இருந்தபோது அவரும் வந்து அருகில் இருந்தார். பிரிந்தவளைப் பழிப்பது சுலபம். உயிர் வாழவேண்டுமென்ற தாகம் உள்ள ஓர் இளம் பெண், வாழ்வதில் விருப்பமற்றுப் போன ஒருவரோடு பத்து வருஷம் இருந்ததையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அவருடைய கடைசி வருஷங்களில் மனைவியாக இருந்து சிசுருஷை செய்தவர் ஓல்கா மர்கோலினா. யூதப் பெண். 1942-இல் பாரிஸில் கைதாகி ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். பாட்டனார் அச்சிட்டுப் பரப்பிய துவேஷம், எழுபது வருஷத்துக்குப் பின் பேரனுடைய விதவை வரைக்கும் வந்து தீண்டியது.

நோபல் பரிசு பெற்ற முதல் ருஷ்ய எழுத்தாளரான இவான் பூனினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். பழைய பிரபு வம்சம். தகப்பனார் குடியிலும் சூதிலும் தோட்டந்துரவுகளை அழித்தவர். தம் குலத்தில் கவிஞர்கள் தோன்றியிருக்கிறார்கள் என்பதில் பூனினுக்குக் குறையாத பெருமிதம். 1920-இல் ஒதெஸ்ஸாவை விட்டு வெளியேறி, பிரான்ஸின் கிராஸ் என்ற மலையூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அழிந்துபோன அந்தப் பண்ணைவீட்டு உலகத்தை ‘அர்ஸேனியெவின் வாழ்க்கை’ என்ற நூலில் மறுபடி எழுப்பினார். அவருடைய மனைவி வேரா முரோம்த்ஸெவா, முதல் டூமாவின் தலைவராக இருந்தவருடைய சகோதரன் மகள். 1927-இல் கலீனா குஸ்நெத்ஸோவா என்னும் இளம் எழுத்தாளர், கணவரை விட்டுவிட்டு வந்து அந்த வீட்டிலேயே பூனினின் காதலியாக வாழத் தொடங்கினார். வேராவும் அங்கேயே இருந்தார். 1933-இல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோமுக்கு மூவருமே போனார்கள். இதை வேராவின் பொறுமைக்கு அணிகலனாகப் பாராட்டி எழுதுகிறவர்கள் உண்டு. அந்தப் பாராட்டு எனக்கு உவப்பாயில்லை. போக்கிடமில்லாத தேசத்தில், சொந்த வருவாயில்லாத ஒரு ஸ்திரீயின் முன் வேறு என்ன வழிகள் திறந்திருந்தன என்பதையும் அவர்கள் கேட்டுப் பார்க்கவேண்டும். கலீனா பின்னர் வேறு துணையோடு போய்விட்டார். பூனின் 1953-இல் இறந்தபின் கையெழுத்துப் பிரதிகளைக் காத்ததும், அவருடைய இளமைக்கால வரலாற்றை எழுதி 1958-இல் வெளியிட்டதும் வேராதான்.

மரீனா த்ஸ்வெதாயெவாவிடம் வரும்போது எழுதும் கை தயங்குகிறது. மாஸ்கோவில் இன்று உலகப் பிரசித்தி பெற்ற நுண்கலை மியூசியத்தை, ஓர் ஏழைக் கிராமப் பாதிரியாரின் மகனாகப் பிறந்து, ஆயுள் முழுவதும் நிதி திரட்டி நிறுவிய பேராசிரியர் இவான் த்ஸ்வெதாயெவ் அவருடைய தகப்பனார். 1912-இல் அந்த மியூசியம் திறக்கப்பட்டது. அதே வருஷம் மரீனா, ஸெர்கேய் எஃப்ரோனை மணந்து முதல் மகள் அரியாத்னாவைப் பெற்றார். உள்நாட்டுப் போரில் எஃப்ரோன், போல்ஷிவிக்குகளை எதிர்த்த வெண்படையில் சேர்ந்து தெற்கே போய்விட்டார். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. பஞ்சத்தில் வாடிய மாஸ்கோவில், உணவாவது கிடைக்குமென்று நம்பி இரண்டு பெண் குழந்தைகளையும் ஓர் அநாதை ஆசிரமத்தில் விட்டார் மரீனா. மூத்தவள் நோயில் விழவே அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார். இளையவள் இரீனா, மூன்று வயது நிறையுமுன், 1920 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே பட்டினியால் இறந்தாள்.

கணவர் உயிரோடிருந்தால் அவர் போகும் இடமெல்லாம் பின்தொடர்வேன் என்று மரீனா 1917-இலேயே குறிப்பேட்டில் சபதம் எழுதி வைத்திருந்தார். கணவர் பிழைத்திருக்கும் செய்தி கிடைத்ததும், 1922-இல் மகளோடு பெர்லினுக்கும் பின்னர் பிராகுக்கும் போய்ச் சேர்ந்தார். அவருடைய இதயம் ஒருவரிடம் மட்டும் கட்டுண்டு கிடந்ததல்ல. பிராகில் வேறொருவர்மீது எழுந்த காதலும் அதன் முறிவும் 1924-இல் இரண்டு நெடுங்கவிதைகளாயின. 1926-இல் கவிஞர்களான பஸ்தெர்நாக்கோடும் ரில்கேயோடும் நடத்திய கடிதப் போக்குவரத்து, தொலைவிலிருந்தே வளர்ந்த காதலின் சிகரம். ஆனால் சபதம் சபதமாகவே இருந்தது. பாரிஸ் புறநகர்களில் வறுமை முற்றிய 1930-களில் அவர் வசனத்துக்குத் திரும்பி, தாயாரின் சங்கீதத்தையும், தகப்பனாரின் மியூசியத்தையும், பிறந்த குடும்பத்தின் பழைய வீடுகளையும் எழுதலானார். சுற்றியிருந்த குடும்பம் சிதறத் தொடங்கிய அந்த வருஷங்களில், பிறந்த குடும்பத்தை மீட்டுக் கட்டினார்.

எஃப்ரோனோ, வெண்படையில் போரிட்ட குற்றத்தைக் கழுவிக்கொள்ள விரும்பியவர்போல, சோவியத் ரகசிய இலாகாவுக்கு ஊழியம் செய்யலானார். அவருடைய பெற்றோர் ஜார் ஆட்சியை எதிர்த்த புரட்சிக்காரர்கள். தாம் தவறான பக்கத்தில் நின்று தாய்தந்தையரின் பாதையைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம் அவரை அரித்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். 1937-இல் மகள் அரியாத்னா உற்சாகத்தோடு மாஸ்கோவுக்குத் திரும்பினாள். அதே வருஷம் ஸ்விட்ஸர்லாந்தில் நடந்த ஓர் அரசியல் கொலையில் சம்பந்தப்பட்டதாகத் தேடப்பட்ட எஃப்ரோன் சோவியத் நாட்டுக்கு ஓடினார். பாரிஸ் ருஷ்யர்கள் மரீனாவோடு பேச்சை நிறுத்தினார்கள். 1939 ஜூனில், பழைய சபதத்தின் அருகே, இதோ போகிறேன் என்னும் பொருள்படக் குறித்து வைத்தபடியே, பதினான்கு வயது மகன் கியோர்கியோடு கப்பலேறினார். ஆகஸ்டில் மகள் கைதானாள். அக்டோபரில் கணவர் கைதானார். ஜெர்மானியப் படையெடுப்பின்போது மாஸ்கோவிலிருந்து யெலாபுகா என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்ட மரீனா, 1941 ஆகஸ்ட் 31-ஆம் தேதி தூக்கிட்டுக்கொண்டார். அந்த இலையுதிர்காலத்தில் எஃப்ரோன் சுடப்பட்டார். கியோர்கி 1944-இல் போர்முனையில் மாண்டான். மரீனாவின் சமாதி எந்த இடத்தில் என்பதுகூட நிச்சயமாகத் தெரியாது.

எஞ்சியவர் அரியாத்னா ஒருவர். முகாமில் எட்டு வருஷம், சிறிது இடைவெளி விட்டு மறுபடி கைதாகிச் சைபீரியாவின் துருஹான்ஸ்கில் நாடுகடத்தல். 1955-இல் குற்றமற்றவரென்று விடுவிக்கப்பட்டபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அதன்பின் அவர் தமக்கென்று வேறு வாழ்க்கை தேடவில்லை. உறவினரும் சிநேகிதரும் ஆபத்துக்கிடையே ஒளித்துக் காத்த பிரதிகளை ஒன்றுசேர்த்தார். அவற்றைத் திருத்தமாகப் படியெடுத்தார். தாயின் கவிதைகள் 1961-இல் ஒரு சிறு நூலாகவும், 1965-இல் பெரிய தொகுதியாகவும் ருஷ்யாவில் வெளிவர உழைத்தார்.

நபக்கோவின் மனைவி வேராவும் ஒருவகையில் இதே பணியைத்தான் செய்தார். ‘லோலிதா’ நாவலின் கையெழுத்துப் பிரதியை நபக்கோவ் நெருப்பில் இடப் போனபோது தடுத்தவர் அவர், கார் ஓட்டியவர், கடிதங்களுக்குப் பதில் எழுதியவர், 1977-இல் கணவர் இறந்தபின் மேலும் பதினான்கு வருஷம் அவர் எழுத்தைக் காத்தவர். கணவர் தமக்கு எழுதியவற்றை வைத்துக்கொண்டு, தாம் கணவருக்கு எழுதிய கடிதங்களை அவர் அழித்துவிட்டார். மாமியாருக்கு இருவரும் சேர்ந்து எழுதிய அட்டைகளில்கூடத் தம் வரிகளை மசியால் அடித்துவிட்டார். ஆகவே அந்தக் காதலின் ஒரு பக்கம் நமக்கு நிரந்தரமாகக் கிட்டாது. அது அவருடைய உரிமை. ஆனாலும் அந்த இழப்பை எண்ணி வருந்தாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அரியாத்னா வேறு வழியை எடுத்துக்கொண்டார். 1975-இல் இறக்குமுன், தாயின் குறிப்பேடுகளையும் கடிதங்களையும் அரசாங்க இலக்கிய ஆவணக்களரியில் ஒப்படைத்து, 2000-ஆம் வருஷம்வரை திறக்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். அந்த வருஷம் அவை திறக்கப்பட்டன. தாயின் கீர்த்திக்கு இருபது வருஷம் உழைத்த அந்த மகள் ஒப்படைத்த பிரதிகளுள், பஞ்ச காலத்து மாஸ்கோவில் மரீனா இளைய மகளைப் பற்றி எழுதிய, எந்தத் தாயும் பிறர் கண்ணில் படவிடத் துணியாத பக்கங்களும் இருந்தன. இரீனா என்ற அந்தக் குழந்தை எப்படிப் பாடினாள், எதற்கு அழுதாள், எவ்வளவு குறைவாக நேசிக்கப்பட்டாள் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிவது அந்தப் பக்கங்களால்தான்.